பதினோரு பெட்டிகள்

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்று யார் போன் செய்தாலும் கூலிங் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

நிறைய பேருக்கு இது பிடிக்காது. ரிப்பேர் பார்க்க வருகிறவளுக்கு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் என்ன இருந்தால் என்ன என்று முகத்தைச் சுளிப்பார்கள். மெஷின் வாங்கிய வருஷம் சொல்வார்கள், கம்பெனி பெயர் சொல்வார்கள், போன தடவை வந்த மெக்கானிக் எப்படி ஏமாற்றினான் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள், உள்ளே இருப்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். பதினான்கு வருஷ அனுபவத்தில் கூலிங் கண்டது இதுதான்: வருகிற கோளாறில் பாதி, மெஷினில் இல்லை. மனிதர்கள் எதை எங்கே திணிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. திணிப்பதையும் திணித்துவிட்டு, பழியைத் தூக்கி வாயில்லாத மெஷின் மேல் போட்டுவிடுவார்கள்.

கூலிங் என்பது பட்டறையில் வைத்த பெயர். குளிர்சாதன வேலை செய்வதால் வந்தது. ஆளுக்கும் பெயருக்கும் சம்பந்தமே கிடையாது, அவ்வளவு சூடான ஆள். அடையாள அட்டையில் அவளே தனக்குத் தேர்ந்தெடுத்துக்கொண்ட பெயர் ஒன்று அழகாக இருக்கிறது. ஆனால் பட்டறை முதலாளி முதல் எதிர்க் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் கூலிங்தான். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. பிறந்தபோது வைத்த பையன் பெயரை விட்டுவிட்டு வேறு எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள்.

அன்று புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரிலிருந்து போன் வந்தது. பேசியது ஸ்டோர் மேடம். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"கூலிங், பெரிய ஃப்ரிட்ஜ் அலாரம் அடிக்குது. பதினோரு டிகிரி காட்டுது. இன்னிக்கு ஊசி நாள். வெளிய இருபது பேர் உக்காந்திருக்காங்க. உடனே கிளம்பி வா."

"உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"மருந்துதான். வேற என்ன வெப்பாங்க? சீக்கிரம் வாம்மா."

போனை வைத்துவிட்டு கூலிங் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு எரிச்சலும் வந்தது. இதே மேடம்தான் ஐந்து வாரமாக, இதே குரலில், "ஸ்டாக் வரலைம்மா, அடுத்த வாரம் பாரு" என்று அவளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கூலிங்குக்கு வேண்டியதும் ஒரு ஊசிதான். மூன்று மாதத்துக்கு ஒன்று, எட்டு வருஷமாக. அது என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் தன் தொழிலை வைத்தே சொல்வாள்: மண்டைக்குள்ளே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது, அது ஆண் ஹார்மோனைச் சுரக்கச் சொல்லிக் கீழே தகவல் அனுப்புகிறது, இந்த ஊசி அந்தத் தகவலை நிறுத்திவிடும், அவ்வளவுதான். முதன்முதலில் பார்த்த டாக்டர் ஃபைலில் ஒரு வரி எழுதினார். மனதுக்குத் தெரிந்த பாலினமும் உடம்பும் ஒத்துப்போகாததால் வரும் தவிப்பு என்று. அதைப் படித்துவிட்டு அவள், "ஒரு வரியில முடிச்சிட்டீங்க டாக்டர், நான் அதுக்குள்ள இருபத்தஞ்சு வருஷம் குடியிருந்தேன்" என்றாளாம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அன்றுதான் முழுதாகக் கேட்டார்.

ஊசி தப்பி இப்போது ஐந்து வாரம். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மருந்து தர வேண்டியது ஸ்டோர். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் முகத்தில் எண்ணெய் வழிய ஆரம்பித்தது. வியர்வையின் வாசனை மாறியது. எட்டு வருஷத்துக்கு முந்தைய வாசனை, அவளுக்கு நன்றாகத் தெரிந்த, அவள் வெறுத்த வாசனை. தாடையில் கைவைத்தால் சொரசொரப்பு. மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரியாது, பட்டறையில் யாரும் கவனிக்கக்கூட இல்லை. அவளுக்கோ, காலி செய்துவிட்டுப் போன பழைய குடித்தனக்காரன் சாவியோடு திரும்பி வந்து நிற்பதுபோல இருந்தது. குளியலறைக் கண்ணாடி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் பயமாகத்தான் இருந்தது.

டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மருந்து ஸ்டோர் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், ஒரு நீள நடையின் கடைசியில் இருக்கிறது. நடை முழுக்க இரும்பு பெஞ்சுகள். மருந்து கொடுக்கும் ஜன்னல் அந்த நடையைப் பார்த்துத் திறந்திருக்கும். உள்ளே தும்மினால் வெளியே கடைசி பெஞ்சில் இருப்பவருக்குக் கேட்கும். புதன்கிழமைகளில் அந்த பெஞ்சுகளில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டிய ஆண்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்காரர்கள். அவர்களுக்கும் அதே ஊசிதான். அந்தப் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது, ஆகவே தீனியை நிறுத்துகிறார்கள். கூலிங்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்தக் கிழவர்களுக்கு நடுவே டோக்கனோடு உட்கார்ந்திருப்பவள்தான். அதனால் அவளுக்கு இந்த நடையும் புதிதில்லை, முகங்களும் புதிதில்லை.

ஒரே ஒரு முகத்தைத் தவிர. கடைசி பெஞ்சில், ஜன்னலுக்குப் பக்கத்தில், கையில் பதினாலாம் நம்பர் டோக்கனை வைத்துக்கொண்டு அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது வருஷம் ஆயிற்று. ஆள் பாதியாகியிருந்தார். இருபத்தெட்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், கூட்டத்துக்கு நடுவே யார் மேலும் இடிக்காமல் முன்னும் பின்னும் போய் வந்த ஆள். இப்போது பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து, அதில் அந்தப் பழைய பித்தளை விசில். நீளமாக ஒன்று ஊதினால் வண்டி நிற்கும், சின்னதாக இரண்டு ஊதினால் கிளம்பும். அவள் சின்ன வயதில் சோறு சாப்பிட அடம்பிடித்தால் அந்த விசிலை ஊதித்தான் ஊட்டுவார். அவளுக்கு இருபத்தைந்து வயதில், தான் யார் என்று அவரிடம் சொன்ன அன்று, அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "இந்த வண்டியில உனக்கு இடமில்ல, இறங்கு" என்றார். இறங்கினாள். அதற்குப் பிறகு அம்மா காரியத்துக்கு வந்தபோதுகூட தெருமுனையோடு நின்றுவிட்டுப் போனாள்.

அவர் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு எதிர்ச் சுவருக்குப் பார்வையை மாற்றிக்கொண்டார். சுவரில் கை கழுவும் முறை பற்றி ஒரு படம் இருந்தது, அதை மிகக் கவனமாகப் படித்தார். கூலிங் நிற்காமல் ஸ்டோருக்குள் போனாள். இந்த பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன நோய், என்ன ஊசி என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டோர் மேடத்தைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. பயந்தவள். மேலதிகாரி தும்மினால் இங்கே கைக்குட்டையை எடுக்கும் ரகம். ஆனால் கெட்டவர்கள் யோசித்துச் செய்கிற கெடுதலைப் பயந்தவர்கள் யோசிக்காமலே செய்துவிடுகிறார்கள், அதுதான் தொல்லை.

"வந்துட்டியா? பாரு, என்னன்னு பாரு. அலாரம் அடிச்சா மெக்கானிக் ரிப்போர்ட் இல்லாம ஒரு பாட்டில்கூட வெளிய தரக் கூடாதுன்னு ரூல். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றாள் மேடம்.

ரூல் அப்படித்தான். கோளாறின் காரணம் என்ன, மருந்து கெட்டதா கெடவில்லையா, என்ன திருத்தம் செய்ய வேண்டும் என்று மெக்கானிக் எழுத வேண்டும். எழுதிய திருத்தத்தைச் செய்யும் வரை ஸ்டாக்கைத் தொடக் கூடாது. ரிப்போர்ட் மூன்று காப்பி: ஒன்று ஸ்டோருக்கு, ஒன்று பட்டறைக்கு, ஒன்று மருந்து ஆய்வு அலுவலகத்துக்கு.

கூலிங் வேலையை ஆரம்பித்தாள். கதவு இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தாள், காகிதம் கிழிந்தது, வரவில்லை. ரப்பர் நல்ல ரப்பர். ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கம்ப்ரஸர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். சீரான சத்தம். கேஸ் குறையவில்லை. விசிறியும் சுற்றியது. எல்லாம் சரி, ஆனால் மேல் தட்டில் கையை நீட்டினால் காற்றே இல்லை. அலாரத்துக்குத் தகவல் கொடுக்கும் சென்ஸார் இருப்பது அந்த மேல் தட்டில்தான்.

காற்று சுற்றவில்லை என்றால் எங்கேயோ வழி அடைபட்டிருக்கிறது. கீழ்த் தட்டின் டிரேக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பின்சுவரில், காற்று திரும்பிப் போகும் கம்பி வலையை முழுதாக மறைத்துக்கொண்டு ஒரு அட்டைப்பெட்டி சாத்தி வைத்திருந்தது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாதபடி முன்னால் டிரேக்களை அடுக்கி, பின்னால் ஒளித்த பெட்டி. இழுத்தாள். உள்ளே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பதினோரு ஊசிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வாங்க வேண்டியவரின் ஃபைல் நம்பர் ஒட்டியிருந்தது.

நாலாவது பெட்டியில் 417.

அது அவளுடைய நம்பர். வந்து சேர்ந்த தேதியையும் அதிலேயே போட்டிருந்தார்கள். ஐந்து வாரம் இரண்டு நாள் முன்பு.

கோபம் உச்சிக்கு ஏறும்போது அவளுக்குக் கை இன்னும் நிதானமாகிவிடும். பதினோரு பெட்டியையும் மேஜை மேல் வரிசையாக வைத்தாள்.

"மேடம், இது என்ன?"

மேடத்தின் முகம் வெளிறியது. "அது தனி ஸ்டாக். நீ உன் வேலையைப் பாரு."

"இதுதான் என் வேலை. காத்து போற வழியில கொண்டுபோய் இதைச் சொருகி வெச்சிருக்கீங்க. மெஷின் மூச்சு முட்டி அலாரம் அடிக்குது. ஸ்டாக் வரலைன்னு சொன்னீங்களே?"

"மெதுவாப் பேசு" என்று மேடம் ஜன்னலைப் பார்த்தாள். "மேல இருந்து போன் வந்துது. அந்த மாதிரி ஆளுங்களுக்குக் கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க, கமிட்டி போட்டு முடிவு பண்ணுவாங்கன்னு. நான் என்ன பண்ண முடியும்?"

"எழுத்துல குடுத்தாங்களா?"

"இதையெல்லாம் யாராவது எழுத்துல குடுப்பாங்களா?"

"கமிட்டி எப்ப?"

"அது எனக்குத் தெரியாது."

பிறகு மேடம் கையை நீட்டி, நாலாவது பெட்டியை மட்டும் பிரித்து எடுத்து, கூலிங்கின் பக்கம் தள்ளினாள். குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிறாளா அதட்டுகிறாளா என்று தெரியாதபடி பேசினாள்.

"உன்னோடதை எடுத்துக்கோ. சிஸ்டர்கிட்ட சொல்றேன், உள் ரூம்ல போட்டு விட்டுடுவாங்க. ரிப்போர்ட்ல வோல்டேஜ் பிரச்சனைன்னு எழுதிடு. உனக்கும் வேலை ஆச்சு, எனக்கும் தலைவலி விட்டுச்சு."

கூலிங் பெட்டியைக் கையில் எடுத்தாள். ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஐந்து வாரமாக அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. உள்ளங்கையில் அந்தக் குளிர் இருந்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும், இன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியிலிருந்து துண்டை எடுத்துவிடலாம். 'வோல்டேஜ்' என்ற ஒரு வார்த்தைதான் எழுத வேண்டும்.

மற்ற பத்து நம்பர்களைப் பார்த்தாள். எல்லோரையும் அவளுக்குத் தெரியாது. 402 அச்சகத்தில் வேலை செய்கிற ஒருத்தி. 511 பதினாலு வயசுப் பெண், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கணக்குப் போட்டுக்கொண்டே ஊசிக்குக் காத்திருப்பாள், கூடவே அவள் அம்மா. போன வாரம் அந்த அம்மா கூலிங்குக்குப் போன் செய்து, "ஸ்டாக் வந்துடுச்சாம்மா? அவ பேச்சையே நிறுத்திட்டா, குரல் மாறிடும்னு பயந்துக்கிட்டு வாயே திறக்க மாட்டேங்கறா" என்றாள். முப்பத்துநாலு வயசில் ஐந்து வாரம் தப்பினால் திரும்பப் பிடித்துவிடலாம். பதினாலு வயசில் உடைகிற குரல் உடைந்ததுதான், எந்த ஊசியும் அதை ஒட்ட வைக்காது.

417-ஐ மற்ற பத்தோடு திரும்ப வைத்தாள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். அதுல காரணத்தைத்தான் எழுதுவேன்."

மேடத்துக்கு அப்போது பயம் கோபமாக மாறியது. நேராக ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்து உரக்கச் சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்குங்க, ஊசி லேட்டாகும். மெக்கானிக் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. என்னைக் கேக்காதீங்க, இவங்களைக் கேளுங்க."

நடையில் சலசலப்பு. எல்லோருக்கும் பழக்கமான ஒரு தையல்காரர், வாய் ஓயாதவர், எழுந்து ஜன்னலுக்கு வந்தார். "என்னம்மா இது, எங்க உயிரோட விளையாடறியா?"

கூலிங் ஜன்னலருகே வந்து நின்றாள். "உங்க ஊசியெல்லாம் நல்லா இருக்குங்க. போன சர்வீஸ்ல நான் கீழ்த் தட்டுல ஒரு ரெக்கார்டர் வெச்சேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதுவே குறிச்சுக்கும். இப்பப் பார்த்தேன், ஆறு டிகிரி தாண்டல, எட்டு வரைக்கும் மருந்து தாங்கும். மேல்தட்டுல இருக்கற கண் சொட்டு மருந்தை மட்டும் தூக்கிப் போடணும். இதை எழுதிக் கையெழுத்துப் போட நான் தயார். பதினோரு பேருக்குக் குடுக்க வேண்டிய ஊசியைக் குடுக்காம உள்ள ஒளிச்சு வெச்சதுதான் கோளாறு, அதையும் எழுதுவேன்னு சொல்றேன். அதை எழுதாதேன்னு இவங்க சொல்றாங்க. அந்தப் பதினொண்ணுல ஒண்ணு என்னோடது. உங்களுக்குப் போடற அதே ஊசி."

ஒருவர் பின்னாலிருந்து, "ஆம்பளைங்களுக்குப் போடற ஊசி உனக்கு எதுக்கும்மா?" என்றார்.

கூலிங் வாயைத் திறக்குமுன் தையல்காரர் திரும்பிவிட்டார். "ஆம்பளைங்க ஊசியா? யோவ், நான் மூணு ஊசி போட்டவன். பொண்டாட்டி சீரியல் பார்த்து அழறதுக்கு முன்னாடி நான் அழறேன். ஃபேன் கீழ உக்காந்திருக்கும்போதே குபுகுபுன்னு வெக்கை ஏறிச் சட்டை நனையுது. போன மாசம் சட்டை மார்ல இறுக்குதுன்னு நானே பிரிச்சுத் தைச்சேன். இதுல எங்கய்யா இருக்கு ஆம்பளை?"

நடையில் சிரிப்பு வெடித்தது. சிரித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். கூலிங்கின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

மேடம் விடவில்லை. "உங்களுக்கு அது உயிர்ப் பிரச்சனைங்க. இவங்களுக்கு அப்படியா? இவங்களுக்கு இது ஆசை. அவ்வளவுதான்."

'ஆசை' என்ற சொல்லைக் கேட்டதும் கடைசி பெஞ்சிலிருந்து அப்பா எழுந்தார். பெஞ்சைப் பிடித்து, சுவரைப் பிடித்து, ஜன்னல் வரை வந்தார். கூலிங் பல்லைக் கடித்துக்கொண்டாள். சபையில் அவமானப்படுத்தப் போகிறார் என்றுதான் நினைத்தாள். படுத்தட்டும், இவரிடம் பாக்கி எதுவும் இல்லை என்றும் நினைத்தாள்.

அவர் மேடத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக் கேட்டார், ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை.

"ஊசி தப்பி எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு வாரம்."

"தூக்கம்?"

"இல்ல."

"கண்ணாடி?"

அவள் திடுக்கிட்டாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை, டாக்டர்கூட. "துண்டு போட்டு மூடியிருக்கேன்" என்றாள்.

"நான் கழட்டியே வெச்சுட்டேன்." ஜன்னல் கட்டையைத் தடவினார். "ஷேவ் பண்ண நின்னா வேற எவனோ நிக்கறான். உடம்பு நம்ம சொல்பேச்சு கேக்க மாட்டேங்குது. நம்ம வீட்டுலயே நாம விருந்தாளி மாதிரி. மூணு மாசம்தான் ஆகுது எனக்கு, இதுக்குப் பேசாம செத்துடலாம்னு டாக்டர்கிட்டயே சொல்லிட்டேன். எனக்கு இந்த ஊசியைப் போட்டதால வந்துது. உனக்கு இது இல்லாததால. ஆனா ரெண்டும் இதேதானே?"

"இதேதான்."

"இருபத்தஞ்சு வருஷமும் உனக்கு இப்படித்தான் இருந்துச்சா? என் வீட்டுக்குள்ளயே?"

"ஆமா."

அவர் முகம் கோணியது. ஊசியின் வேலையோ, சொந்த வேலையோ, கண் நிறைந்துவிட்டது. "உன்னை நான் தப்பான ஸ்டாப்புல இறக்கி விட்டுட்டேன்" என்றார்.

ஆனால் ஒன்பது வருஷத்தை ஒரு வாக்கியத்தில் வாங்கிக்கொள்ளக் கூலிங் தயாராக இல்லை. "அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப எனக்கு வேலை இருக்கு" என்றாள்.

அப்பா தலையாட்டினார், நியாயம்தான் என்பது போல. பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, விசிலை வாயில் வைத்து, நீளமாக ஒன்று ஊதினார். ஆஸ்பத்திரி நடையில் அந்தச் சத்தம் கேட்டு மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். பஸ்ஸில் போய்ப் பழகிய கிழவர்கள், எதற்கென்று தெரியாமலே பேச்சை நிறுத்தினார்கள்.

"வண்டி நிக்குதும்மா" என்றார் மேடத்திடம். "நான் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டர். வரிசையில நிக்கற ஆள் ஏறாம ஒரு நாளும் விசில் குடுத்ததில்ல. லேட் பண்றேன்னு எத்தனை மெமோ வாங்கியிருக்கேன் தெரியுமா? இந்தப் பதினோரு பேரையும் ஏறக் கூப்பிடாம நான் ஊசி போட்டுக்க மாட்டேன்."

"உங்களுக்குத்தாங்க கெடுதல்."

"அரை மணி நேரத்துல சாக மாட்டேன். டாக்டர் நிறைய வருஷம் குடுத்திருக்கார்."

தையல்காரர் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். "எனக்கும் அவசரமில்ல. வீட்டுக்குப் போனா அழ வேண்டியிருக்கு." ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். முன்பு கேள்வி கேட்டவர் மட்டும் கொஞ்சம் முனகிவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

கூலிங் ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்தாள். கார்பன் தாள்களைச் சரிசெய்துகொண்டு, ஜன்னல் கட்டை மேலேயே வைத்து, எழுத எழுத வாய்விட்டுப் படித்தாள்.

"கோளாறின் காரணம்: நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டிய பதினோரு ஊசிப் பெட்டிகளைக் கொடுக்காமல் உள்ளே அடைத்து வைத்ததால் காற்று வழி தடைபட்டது. மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. மருந்தின் நிலை: மேல் தட்டைத் தவிர மற்றவை நன்றாக உள்ளன." பேனாவை ஒரு உதறு உதறினாள். "செய்ய வேண்டிய திருத்தம்: பதினோரு பெட்டிகளையும் காற்று வழியிலிருந்து எடுத்து, உரியவர்களை உடனே அழைத்துக் கொடுக்க வேண்டும். அனைவரையும் அழைத்து முடிக்கும் வரை மற்ற ஸ்டாக்கை வெளியே எடுக்கக் கூடாது."

கையெழுத்தை, தன் முழுப் பெயரில், மூன்று காப்பியிலும் பதியும்படி அழுத்திப் போட்டாள். பிறகு புத்தகத்தை மேடத்தின் பக்கம் திருப்பினாள்.

மேடம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூலிங் குரலைத் தணித்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "மேடம், போன்ல வந்த உத்தரவுக்கு எழுத்து கிடையாது. நாளைக்குக் கேட்டா நான் சொல்லவே இல்லைன்னுடுவாங்க, மாட்டறது நீங்கதான். இதுக்கு எழுத்து இருக்கு. மெக்கானிக் எழுதிட்டா, நான் ரூல்படி செஞ்சேன்னு சொல்லுங்க. பயப்படறதுன்னா பெரிய பேப்பருக்குப் பயப்படுங்க."

இதுதான் மேடத்துக்குப் புரிந்த பாஷை. அவள் முகத்தில் பயம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் பக்கம் மாறிக்கொண்டது. காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டாள். முத்திரையும் குத்தினாள். போனை எடுத்தாள்.

கூலிங் டூல் பெட்டியை மூடவில்லை. முதல் ஆளாகத் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. பத்து பேருக்கும் மேடம் போன் செய்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்று ஒவ்வொரு நம்பராக விரலால் காட்டினாள். 402 கிடைக்கவில்லை, எடுக்கும் வரை திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னாள். 511-க்கு அடித்தபோது மறுமுனையில் அந்த அம்மா முதலில் நம்பவில்லை. "இன்னிக்கே வரலாமா? நெஜமாவா?" என்று நாலு தடவை கேட்டது வெளியே வரை கேட்டது. பெட்டிகளை முன் தட்டில் வரிசையாக, காற்றுக்கு இடம் விட்டு, கூலிங்கே வைத்தாள். கால் மணி நேரத்தில் அலாரம் நின்றது. டிஸ்பிளேயில் எட்டு, ஏழு, ஆறு என்று இறங்கிக்கொண்டே வந்தது.

சிஸ்டர் நடைக்கு வந்து கூப்பிட்டாள். "நானூத்திப் பதினேழு."

கூலிங் போனாள். ஊசி போட இரண்டு நிமிஷம். இடுப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது, அப்பா பெஞ்சில் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டிருந்தார். அவள் உட்காரவில்லை. எதிரில் நின்றாள்.

"வீட்டுக்கு வாயேன்" என்றார். குனிந்து டோக்கனை மடித்தபடி சொன்னார். "சாயங்காலம் இருட்டினப்புறம் வேணா..."

"இருட்டினப்புறம் வர மாட்டேன்."

அவர் நிமிர்ந்தார்.

"பகல்ல வருவேன். எந்த வாசல்ல இறங்குன்னு சொன்னீங்களோ அதே வாசல் வழியா வருவேன். தெருவுல எல்லாரும் இருக்கும்போது வருவேன். பக்கத்து வீட்டுக்காரங்க இது யாருன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வந்த மெக்கானிக்னு சொன்னீங்கன்னா, அப்படியே திரும்பிடுவேன்."

அந்தத் தெருவை அவளுக்கும் தெரியும், யார் யார் வாசலில் நிற்பார்கள் என்றும் தெரியும். அப்பா ஒவ்வொரு வாசலாக மனசுக்குள் கடந்து போவது முகத்தில் தெரிந்தது. கூலிங் காத்திருந்தாள். டூல் பெட்டி கையில் இருந்தது. பதில் வரவில்லை என்றால் இப்படியே படியிறங்கிப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள், அப்படிப் போவதில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை.

"பதினாலு" என்று சிஸ்டர் கூப்பிட்டாள்.

அப்பா எழுந்தார். இரண்டு அடி வைத்தார். நின்றார். சாவிக்கொத்தை எடுத்து விசிலை வாயில் வைத்து, சின்னதாக இரண்டு ஊதினார்.

"யார் அது ஆஸ்பத்திரியில விசில் அடிக்கறது?" என்று சிஸ்டர் எரிச்சலோடு வாசலுக்கு வந்தாள்.

"கண்டக்டர்தான் சிஸ்டர்" என்றார் அப்பா, நடை முழுக்கக் கேட்கும்படி. "எம் பொண்ணு ஏறிட்டா."